கத்தாத டிடெக்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அழகர்சாமியின் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: அழகர்சாமி, அவர் மனைவி பாலாமணி, மகள் சசிரேகா, மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை நவநீதன், அவருடைய தாயார் சிவகாமி அம்மாள், தாய்மாமன் ஆறுச்சாமி, பின்வாசலில் குடையை மடக்காமல் நின்ற காளிமுத்து. வேறு யாரும் இல்லை. இவர்களில் ஒருவரும் அன்று பக்கத்து அறையிலிருந்த கேஸ் சிலிண்டரின் திருகைத் தொடவில்லை. அப்படியிருந்தும் புதன்கிழமை காலையில் அழகர்சாமி ஹாலுக்குள் வந்தபோது அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தது.

லேசாகத்தான். மழைக்காலத்தில் குன்னூர் வீடுகளில் இருக்கும் ஈரக் கம்பளி வாடைக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவே, மெல்லிய நூல் போல அது ஓடியது. ஒரு மூச்சில் இருந்தது, அடுத்த மூச்சில் இல்லை. அவர் சோபாவின் மெத்தைகளை எடுத்து மோந்து பார்த்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். பூஜை அலமாரியின் பின்னால்கூடக் குனிந்து பார்த்தார்.

"பாலாமணி, முட்டை ஏதாச்சும் ஒடஞ்சுதா?"

"நம்மூட்டுல என்னிக்குங்க முட்டை வாங்கினோம்?" என்றபடி அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒரு வாசமும் தெரியலீங்க. சளி புடிச்சிருக்கும் உங்களுக்கு."

அவருக்குச் சளி இல்லை. அந்த நாற்றம் எதனுடையது என்று குன்னூரில் வேறு எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அழகர்சாமியும் அவருக்கு முன் அவர் தகப்பனார் பழனியப்பனும் வெலிங்டன் ராணுவ முகாமின் கருவிகள் பிரிவில் வேலை பார்த்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு அழகர்சாமி வீட்டின் பக்கத்து அறையில் கேஸ் டிடெக்டர்களைச் சரிபார்த்துக் கொடுத்துவந்தார். தொட்டிக்குள் இறங்குகிறவன் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி அது. விஷவாயு இருந்தால் அலறும். சரிபார்க்கும் வேலையில் இரண்டு பாகம். முதலில் சுத்தமான காற்றில் வைத்துப் பூஜ்யம் காட்டச் செய்ய வேண்டும். பிறகு, அளவு தெரிந்த அதே விஷவாயுவைச் சிலிண்டரிலிருந்து குழாய் வழியே அதன்மேல் ஊத வேண்டும். சிலிண்டரில் எழுதியிருக்கும் எண் திரையில் வர வேண்டும். கருவி கத்த வேண்டும். கத்திய பிறகுதான் ஸ்டிக்கர். 'பழனியப்பன் அண்டு சன்' என்று தகப்பனார் பெயர் போட்ட ஸ்டிக்கர். அதை ஒட்டினால் பிறகு யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாகம் நடக்கவில்லை.

மழை விடாமல் பெய்தது. வெளியே கொண்டுபோய் ஊத முடியாது. உள்ளே ஊதினால் அந்த வாயுவின் முட்டை நாற்றம் ஒரு நொடியில் வீடு முழுக்கப் பரவும். ஹாலில் சம்பந்தி வீட்டார். பலகாரத் தட்டு அப்போதுதான் போயிருந்தது. "மலைக் குளிருங்கறது சரிதானுங்க, காப்பி வாய்க்கு வர்றதுக்குள்ள ஆறிப்போகுதே!" என்று ஆறுச்சாமி சொல்ல எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பிக்கட்டியிலிருந்து காளிமுத்து பீடி வாடையோடு வந்து பின்வாசலில் நின்றான். கேரட் கழுவும் யூனிட்டில் வேலை. கழுவிய தண்ணீர் போய்த் தேங்கும் தரையடித் தொட்டியில் மறுநாள் அவன் இறங்க வேண்டும். சரிபார்க்கக் கொடுத்திருந்த டிடெக்டரை வாங்கிப்போக வந்திருந்தான்.

"என்னங்கய்யா, ஊட்டுல விசேஷமா? பலகார வாசம் பிக்கட்டி வரைக்கும் அடிக்குது."

"மெல்லப் பேசு. ஆளுக இருக்கறாங்க."

பக்கத்து அறையில் அழகர்சாமி கருவியை முடுக்கினார். பூஜ்யம் காட்டியது. ஸ்டிக்கரை ஒட்டிக் கொண்டுவந்து நீட்டினார். காளிமுத்து அதை வாங்கிக் காதருகே வைத்துப் பார்த்தான்.

"ஊதிப் பாத்துட்டீங்களாங்கய்யா? சத்தமே காணோமே. அது கத்தறதக் கேட்டாத்தான் எனக்கு எறங்க மனசு வரும்."

"பாத்தாச்சு. இன்னிக்குக் கத்த வேண்டாம். நீ கெளம்பு."

அவன் கும்பிட்டுவிட்டு மழைக்குள் போனான். உயிரில்லாத சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும் என்பது அழகர்சாமிக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். திங்கட்கிழமை மதியம் காளிமுத்துவைத் தொட்டியிலிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். சட்டையில் டிடெக்டர் மாட்டியிருந்தது. அது கத்தியதை யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் யூனிட்டின் முதலாளி மனோகரன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பைக்குள் அந்த டிடெக்டர். கேரட் தழையும் கருஞ்சேறும் அதன் இடுக்குகளில் காய்ந்திருந்தன.

"ஏனுங்க, நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. நீங்க ஒரு தடவை ஊதிப் பாத்து, மெஷின்ல குத்தமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அந்தாளு அதை ஆன் பண்ணாமயே எறங்கியிருப்பானுங்க."

"பாத்துட்டுச் சொல்றேன்."

"உங்க ஸ்டிக்கர் இருக்குதே, அப்புறம் என்னங்க சந்தேகம்? நம்ம பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயமாமே. சந்தோசம்."

அவர் போன பிறகு அழகர்சாமி வெகுநேரம் பையைத் திறக்கவில்லை. பாலாமணி தட்டு வரிசைக்குப் பழம் வாங்க மார்க்கெட் போயிருந்தாள். சசிரேகா உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு நடைவழியில் தேய்ந்து தேய்ந்து வந்தது. நாலு மணிக்கே வெளிச்சம் மங்கியது. மழை சற்று ஓய்ந்திருந்தது. பள்ளத்திலிருந்து ஏறிய மஞ்சுப் பனிமூட்டம் தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு வேலிவரை வந்து நின்றது. தகரக் கூரையிலிருந்து சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ எண்ணிப் போடுவது போல விழுந்தன.

டிடெக்டரையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு அவர் கொல்லைப்பக்கம் போனார். இந்த முறை எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். காற்று வரும் திசை பார்த்து நின்றார். பூஜ்யம். மூடியைச் சென்சாரின் மேல் பொருத்தி, குழாயை மாட்டி, திருகைத் திறந்தார். கேஸ் சீறும் மெல்லிய ஓசை கேட்டது. நாற்றம் மூக்கில் ஏறியது.

திரையில் பூஜ்யம்.

காத்திருந்தார். பூஜ்யம். மூடியை அழுத்திப் பிடித்தார். குழாயை உதறினார். பூஜ்யம்தான். அந்தக் கருவி இறந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு முறை ஊதியிருந்தால் தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நாளை பழனியப்பன் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும். வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். சொல்லாவிட்டால், குற்றம் காளிமுத்துவின் தலையில் போய் உட்காரும். அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

அழகர்சாமி அறைக்குத் திரும்பிக் கருவியின் பின்பக்கத்தைத் திறந்தார். பழைய சென்சாரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். ஒரே முயற்சியில் பொருந்தியது. அவ்வளவு எளிதில் பொருந்தியது அவருக்கே பிடிக்கவில்லை. மீண்டும் கொல்லைக்கு வந்து ஊதினார். சிலிண்டரில் இருந்த எண் திரையில் அப்படியே வந்தது. கருவி அலறியது. அந்த அலறல் மஞ்சுக்குள் போய், எதிலோ பட்டது போல, கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. திருகை மூடினார். எண் இறங்கியது. பூஜ்யம்.

இனி இது நல்ல கருவி. இனி இது பொய் சொல்லாது.

சிலிண்டரைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, கருவியின் சேற்றைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்குள் வந்தார். திரையைப் பார்த்தார்.

இரண்டு.

உடையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தார். வெளியே போய் வேட்டியை உதறினார். பூஜ்யம். உள்ளே வந்தார். மூன்று. சிலிண்டரை வெளியே கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். மூன்று. சோபாவுக்கு அருகே நீட்டினார்; குறைந்தது. ஜன்னலருகே குறைந்தது. நடைவழியின் பக்கம் திருப்பினார். நான்கு. ஓர் அடி வைத்தார். ஆறு. காலையில் நூலாக இருந்த நாற்றம் இப்போது ஈரத் துணி போல முகத்தில் படிந்தது. முட்டை நாற்றம் மட்டும் அல்ல. அதற்கு அடியில் சேறு. அழுகிய தழை. நனைந்த பீடி.

நடைவழியின் முடிவில் ஒரே ஓர் அறைதான் இருந்தது.

கதவைத் தள்ளினார். கருவி அலறியது.

சசிரேகா கட்டிலின் ஓரத்தில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலை. கூந்தலை ஒரு பக்கமாக எடுத்து முன்னால் விட்டிருந்தாள். "வச்சர்றேனுங்க, அப்பா வந்துட்டாரு" என்று போனில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"என்னங்கப்பா அது, இந்தக் கத்துக் கத்துது?"

"டெஸ்ட்டு பண்ணிட்டிருக்கறேன் கண்ணு. உனக்கு... ஏதாச்சும் வாசம் வருதா?"

"ஒண்ணும் இல்லீங்கப்பா. அந்த ஜன்னலை மட்டும் சாத்துங்க. பொறவால கழுத்துல சில்லுனு காத்தடிக்குது."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

அவர் கருவியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். எண் இறங்கியது. தோளுக்கு மேலே கொண்டுபோனார். ஏறியது. தோளைத் தாண்டி, அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நீட்டினார். எண்கள் ஓடின. திரை காட்டக்கூடிய கடைசி எண்ணில் போய் நின்றன. அங்கே ஒன்றும் இல்லை. சுண்ணாம்புச் சுவர். காலண்டர். வெறும் காற்று.

அந்தக் காற்று நனைந்திருந்தது. கையில் தெரிந்தது.

சட்டென்று நாற்றம் நின்றது.

அழகர்சாமிக்குத் தெரியும். இந்த வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றால் கேஸ் போய்விட்டது என்று நினைக்காதே, ஓடு என்று அவரே காளிமுத்துவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஓட வேண்டும். மகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவள் தோளை நோக்கிக் கை நீட்டினார்.

அவள் தோளில் ஒரு கேரட் தழை இருந்தது. பச்சையாக இல்லை. கறுத்து, கூழாகி.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனோகரன்.

"ஏனுங்க, பாத்தீங்களா?"

அழகர்சாமி வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம். இப்போது. ஊதிப் பார்க்கவில்லை என்று ஒரே வாக்கியம். நாக்கின் நுனிவரை வந்தது. கருவி கையில் அலறிக்கொண்டே இருந்தது.

"அட, இங்க வரைக்கும் கேக்குதுங்களே!" மனோகரனின் குரலில் மகிழ்ச்சி. "நல்லாத்தான் கத்துது. அவன் ஆன் பண்ணாம எறங்கியிருக்கறான், அவ்வளவுதானுங்களே?"

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்த அன்று வைத்த மருதாணி அவள் விரல்களில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"ஆமாங்க," என்றார் அழகர்சாமி. "ஆன் பண்ணியிருக்க மாட்டான்."

அலறல் நின்றது. அவர் எதையும் அழுத்தவில்லை. திரையில் பூஜ்யம்.

அமைதி. கூரைச் சொட்டுகூட இல்லை. அந்த அமைதியில் ஒரு மூச்சு. அவருடையது இல்லை. மகளுடையதும் இல்லை. மெதுவாக இழுத்து, நீர் கொப்புளிக்க விடும் மூச்சு.

சசிரேகாவின் கழுத்தோரத்து முடி அசைந்தது. அடங்கியது. மீண்டும் அசைந்தது.

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. ஆவணியில் குறித்த முகூர்த்தத்தில் கல்யாணமும் நடந்தது. அது பாதியில் நின்றுபோனது என்று வெளியூரில் சிலர் சொன்னது பொய். பெண்ணின் தகப்பனார் மண்டபத்தில் வாய்விட்டு அழுதார் என்பதும் பொய். இந்தக் குடும்பத்தில் யாரும் நாலு பேர் முன்னால் அழுவதில்லை. இறந்துபோன காளிமுத்து சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து கல்யாணம் பார்த்தான் என்று பிக்கட்டிப் பக்கம் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் தவறு. அவன் உட்காரவில்லை. அவனுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. மேடையில், தாலி ஏறும்போது நாத்தனார் நின்று முடிச்சுப் போடும் இடத்தில், பெண்ணின் கழுத்தருகே குனிந்து நின்றுகொண்டிருந்தான்.