கொடி மேலே

தேநீர்க் குவளையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது கொடி மேலே நின்றது.

அதைக் கொடி என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம். அரிசிமணி அளவில் ஒரு தகடு. ரிவால்வரின் பின்னால் தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிளவு இருக்கும். உள்ளே இருக்கும் பூட்டைச் சாவியால் திருப்பினால் அந்தப் பிளவிலிருந்து தகடு எட்டிப் பார்க்கும். கொடி மேலே என்றால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தியல் அசையாது, சுடுவதற்கு அமுக்கும் விசை அசையாது, கையில் இருக்கும் இரும்பைக் காட்டி எதிரியைத் திட்டலாம், அவ்வளவுதான். கொடி கீழே என்றால் சுடும்.

குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபோது கொடி கீழே இருந்தது. குழாய் அதே அறையின் மூலையில்தான். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில், சட்டைக்குள்ளே, தோலோடு தோலாகக் கிடந்தது. அறையில் வேறு ஆள் இல்லை. கட்டடத்திலேயே ஆள் இல்லை. விடுமுறை நாள்.

காவல் நிறுவனத்தின் ஆயுத அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே பட்டப்பகலாக இருந்தாலும் இங்கே டியூப்லைட் சொல்வதுதான் நேரம். ஒரு பக்கம் கிரில் போட்ட சட்டத்தில் ரிவால்வர்கள் வரிசையாகத் தொங்கின. நீளமான மறுபக்கம் சுட்டுப் பார்க்கும் பாதை. அதன் கடைசியில் இருந்த விளக்கை ஒருமுறை, எல்லோரும் தம்பி என்று கூப்பிடும் இளம் காவலன் குறிதவறிச் சுட்டுவிட்டான். குறியை விட்டுவிட்டு விளக்கை அடித்தவன் என்று அவனைப் பல நாள் ஓட்டினார்கள். மாற்று விளக்கு கேட்டு மேலே சொல்லியாகிவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு வெளிச்சம் இருந்தது.

காவலர்கள் அவளைத் திருப்புளியக்கா என்பார்கள். துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, மறுபடி சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. கையில் எப்போதும் திருகு கழற்றும் திருப்புளி ஒன்று இருக்கும், தூங்கும்போதும் இருக்கும் என்று ஒரு வதந்தி. பெயரைப்பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. மேலாளருக்கு அவர்கள் வைத்திருந்த பெயரோடு ஒப்பிட்டால் இது விருது.

சாவியைப் போட்டுத் திருப்பினாள். கொடி இறங்கியது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"கீழே," என்றாள், பழக்கதோஷத்தில்.

காலையில் துப்பாக்கி கொடுக்கும்போது அப்படி ஒரு வழக்கம். அவள் சாவியைத் திருப்புவாள். வாங்குகிறவன் கட்டைவிரலால் பிளவைத் தடவி, "கீழே" என்பான். அவளும் தடவி, "கீழே" என்பாள். இரண்டு பேரும் சொன்ன பிறகுதான் துப்பாக்கி கைமாறும். சாவி அவளோடு தங்கிவிடும். 'கல்யாணத்தில்கூட இவ்வளவு உறுதியாச் சம்மதம் கேட்க மாட்டாங்கக்கா' என்பான் தம்பி. அவனுக்கு வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும். கிரில் கதவில் நசுங்கியது, அப்படியே வளர்ந்துவிட்டது. அவன் தடவும்போது இரும்பில் மெல்லிசாக ஒரு கீறல் சத்தம் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் வந்திருப்பது தம்பிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

கடைசி நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

கிடங்கில் காவலுக்குப் போன தம்பியைச் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த நிலையில் கண்டெடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. துப்பாக்கி கதவைக் குறிபார்த்தபடி இருந்தது. கொடி மேலே. பூட்டிய விசையை அவன் அமுக்கிய அமுக்கில் விரல் சதையில் விசை பள்ளம் தோண்டியிருந்தது. அந்த விரல்களைப் பிரிக்க இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. செத்த உடம்பு விறைப்பது சகஜம் என்றார்கள். மற்றக் கை துணிபோலத் தொங்கியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் மேலாளர் இதற்காகவே வந்திருந்தார். கிரில்லுக்கு வெளியே நின்றே பேசினார்.

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரலம்மா. ரெண்டே வழிதான். ஒண்ணு, நீங்க திறந்து கொடுக்க மறந்துட்டீங்க. இல்லேன்னா அவனே பூட்டிட்டு மறந்துட்டான்."

"சாவி என்கிட்ட இருக்கு சார். அவன் எதை வெச்சுப் பூட்டுவான்?"

"அப்போ முதல் வழி."

"மூணாவது ஒண்ணு இருக்கு. பூட்டு சரியில்ல."

"பூட்டோட வேலை என்னம்மா?"

"பூட்டறது."

"பூட்டிச்சா?"

"பூட்டிச்சு."

"அப்புறம் என்ன சரியில்ல?"

அவரை எந்தத் திருகிலிருந்து பிரிக்க ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில எல்லாருக்கும் துப்பாக்கி கொடுக்கணும்," என்றார் மேலாளர். "பசங்க பயப்படறாங்க. நீங்க முன்னாடி நின்னு, தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா பயம் போயிடும்."

"சொல்லலேன்னா?"

"தம்பி மேல போடுவோம். செத்தவன் கோவிச்சுக்க மாட்டான்."

"அவன் கோவிச்சுக்க மாட்டான் சார். நான் கோவிச்சுப்பேன்." எழுந்து கிரில் அருகே வந்தாள். "சாயங்காலத்துக்குள்ள இந்தப் பூட்டோட யோக்கியதையை உங்களுக்குக் காட்டறேன். அதுவரைக்கும் அவன் பேரை வாயில எடுக்காதீங்க."

இந்த வகைப் பூட்டைப் பற்றித் தொழிலில் எல்லோரும் முணுமுணுப்பது ஒன்றுதான். சுடும்போது துப்பாக்கி உதைக்கும், அந்த உதையில் உள்ளே இருக்கும் கொக்கி துள்ளித் தானாகவே மாட்டிக்கொள்ளும் என்பார்கள். அதைத்தான் அவள் நிரூபிக்க நினைத்தாள். மேலாளர் போனதிலிருந்து தம்பியின் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொண்டே இருந்தாள். அதிக வெடிமருந்துள்ள தோட்டாவாகப் பார்த்துப் போட்டாள். தலைகீழாகப் பிடித்துச் சுட்டாள், தளர்த்திப் பிடித்துச் சுட்டாள், மணிக்கட்டு வீங்கி ரொட்டிபோல ஆகும்வரை சுட்டாள். கொடி அசையவில்லை. ஒழுக்கமான பூட்டு. தலைமையாசிரியர் வரும்போது மட்டும் கைகட்டி நிற்கும் பையனைப்போல.

சலித்துப்போய்த் தேநீர் குடித்தாள். குவளையைக் கழுவினாள். அந்த இடைவெளியில்தான் அது தானாகப் பூட்டிக்கொண்டது, யாரும் சுடாதபோது, யாரும் தொடாதபோது.

இப்போது அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, மேசையில் கிடந்த துப்பாக்கிக்கு எதிரே உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். டியூப்லைட்டின் ரீங்காரமும், சரியாக மூடாத குழாயின் சொட்டும், வெந்த மருந்தும் துப்பாக்கி எண்ணெயும் கலந்து தொண்டையின் அடியில் படிந்த கசப்பும் தவிர அந்த அறையில் ஒன்றும் இல்லை என்று அவள் தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல வந்து சேர்ந்தது. நனைந்த சாக்கின் வாசனை. தம்பி செத்தபின் கிடங்கிலிருந்து திரும்பி வந்த அவன் சீருடையில் இருந்தது. எத்தனை முறை துவைத்தும் போகாதது.

கொடி எழுந்தது. துள்ளவில்லை. யாரோ நிதானமாகச் சாவியைத் திருப்புவதுபோல, மெதுவாக, முழுசாக.

அவள் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தொலைபேசியில் மேலாளரை அழைத்தாள். பார்வையைத் துப்பாக்கியிலிருந்து எடுக்கவில்லை.

"சார், என் கண்ணு முன்னாடி பூட்டிக்கிச்சு. நான் தொடவே இல்ல."

"சுட்டப்பவா?"

"சும்மா கிடந்தப்ப."

மேலாளர் யோசித்தார். "சும்மா கிடக்கறப்பப் பூட்டியிருக்கறதுதானேம்மா பாதுகாப்பு?"

"நீங்க வந்து பாருங்க."

"வீட்டுக்குப் போங்கம்மா. ஓய்வெடுங்க. காலையில அந்த ஒரு வார்த்தை மட்டும்..."

அவர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரலுக்கும் அவள் காதுக்கும் நடுவே, கம்பியிலா அறையிலா தெரியவில்லை, இரும்பில் மெல்லிசாக ஒரு கீறல் சத்தம் கேட்டது.

ரிசீவரை வைத்துவிட்டாள்.

படியேறிப் போயிருக்கலாம். படி பக்கத்தில்தான் இருந்தது. போனால் காலையில் இந்தத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு பையன்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். யாரோ ஒருவன் விசையை அமுக்கி அமுக்கிப் பள்ளம் தோண்டுவான். அவனும் மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் அவள் எப்போதும் முடிச்சுப் போட்டதில்லை.

"சரி," என்றாள் காலியான அறையிடம். "பூட்டுலதான உனக்குப் பிடி? பூட்டே இல்லாம வர்றேன், இரு."

திருப்புளியை எடுத்தாள். பக்கத்து மூடியின் திருகுகளைக் கழற்றினாள், மரப்பிடியால் நாலு தட்டுத் தட்டினாள், மூடி எழும்பியது. உள்ளே பூட்டு. ஒரு கொக்கி, ஒரு குட்டிச் சுருள்கம்பி, அந்தத் தகடு. அத்தனையையும் இடுக்கியால் பிடுங்கிக் கழுவி வைத்த குவளைக்குள் போட்டாள். மூடியை மறுபடி திருகித் தோட்டாக்களை நிரப்பினாள். பூட்டு இருந்த இடத்தில் இப்போது காலிப் பிளவு. பல் பிடுங்கிய ஈறுபோல.

குவளைக்குள் கிணுங் என்று சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தாள். கழற்றிய கொக்கி, எதனோடும் ஒட்டாமல் தனியாக, அரைச் சுற்றுத் திரும்பி நின்றது.

கிரில் பக்கம் இன்னொரு சத்தம். டிக்.

சட்டத்தில் தொங்கிய துப்பாக்கிகளின் கொடிகளை அவளே இறக்கி வைத்திருந்தாள், சோதிப்பதற்காக. இப்போது இருட்டான கோடியில், கடைசித் துப்பாக்கியின் கொடி மேலே நின்றது.

டிக். அதற்கு அடுத்தது.

டிக்.

யாரோ வரிசையின் ஓரமாக நடந்து வருகிறார்கள். ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு. அவசரமே இல்லாமல். நடுநடுவே அந்தக் கீறல். நகம் பிளவைத் தடவும் கீறல். சரிபார்க்கும் கீறல். சாக்கு வாசனை கெட்டியானது. மூச்சில் நார் நாராக வந்தது.

தம்பியின் விரல்கள் ஞாபகம் வந்தன. இரண்டு ஆட்கள். மற்றக் கை துணிபோல. அப்படியானால் இது துப்பாக்கியை மட்டும் பூட்டுவதில்லை.

அவள் யோசித்தாள். இரும்போடு பழகியவளின் யோசனை அது. வலதுகையில் துப்பாக்கியைப் பிடித்தாள். இடது கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்த சுத்தியலின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, விசையை முழுசாக அமுக்கினாள். சுத்தியல் விழவில்லை, கட்டைவிரல் தாங்கி நின்றது. இனி வலதுகை விரல் பூட்டிக்கொண்டால் பூட்டிக்கொள்ளட்டும். அமுக்கிய நிலையில்தான் பூட்டும். இடதை எடுத்தால் போதும், சுடும்.

டிக்.

நடுத் துப்பாக்கி.

டிக். டிக்.

"வா."

டிக்.

கிரில்லின் இந்தப் பக்கத்துக் கடைசித் துப்பாக்கி. அப்புறம் எதுவும் இல்லை. டியூப்லைட் மட்டும். சொட்டு மட்டும்.

வலது மணிக்கட்டில் ஜில்லென்று ஒன்று நுழைந்தது. வலிக்கவில்லை. எலும்புக்குள் ஒரு திருப்பு. பிறகு முழங்கையில். பிறகு ஒவ்வொரு விரலாக. அவளுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், காற்று சாக்குப்போல நனைந்து நின்றது.

ஜில்லிப்பு இடதுகையைத் தேடி வந்தது.

எடுத்துவிட்டாள்.

அறை வெடித்தது. காது இரண்டும் அடைத்துப் போயின. புகை. அப்புறம், அடைத்த காதுக்குள்ளும் கேட்கும்படி, சட்டத்தில் எல்லாக் கொடிகளும் ஒரே சமயத்தில் விழுந்தன. வாசனை அறுந்தது.

அவள் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே கேட்கவில்லை.

"தம்பி மறக்கல," என்றாள். "நானும் மறக்கல. காலையில எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

துப்பாக்கியைக் கீழே வைக்கப் பார்த்தாள். வலதுகை திறக்கவில்லை. பரவாயில்லை. இப்படியே கொண்டுபோய் மேலாளரின் மூக்குக்கு நேரே நீட்டலாம், பிரித்துப் பாருங்கள் சார் என்று. இதைவிட நல்ல சாட்சி கிடையாது. திரும்பிப் படியில் ஒரு காலை வைத்தாள்.

கீறல்.

மிகப் பக்கத்தில். கைக்குள்.

பார்த்தாள். சட்டத்தில் கொடிகள் எல்லாம் கீழேதான். குவளைக்குள் கொக்கி அசையாமல் கிடந்தது. அவள் கையிலிருந்த துப்பாக்கியில், சுத்தியலுக்குப் பக்கத்தில், பூட்டே இல்லாத அந்தக் காலிப் பிளவில், எதுவோ எழுந்துகொண்டிருந்தது. வெளிறியது. தகடு இல்லை.

நகம். நடுவில் பிளந்த நகம்.

அரிசிமணி அளவுப் பிளவில் ஒரு கட்டைவிரல் வர முடியாது. நகம் முழுசாக வந்துவிட்டது. பின்னாலேயே, ஈரமாக, முதல் மடிப்பும் வந்தது. அது வளைந்து, பிளவின் ஓரத்தைத் தடவியது. சரிபார்த்தது. காத்திருந்தது.

வாங்குகிறவன் சொல்லிவிட்டான். இனி கொடுக்கிறவள் சொல்ல வேண்டும்.

அவள் தன் இடது கட்டைவிரலைத் தூக்கினாள். அந்த நகத்தின்மேல் வைத்தாள். உடம்பின் மொத்தக் கனத்தையும் கொடுத்து அழுத்தினாள்.

"கீழே," என்றாள்.

அது அவள் விரலை மேலே தள்ளியது.