மூன்றாம் ரோலரின் பச்சைப் பட்டியல்

“நீ கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துகிட்டு டிக் போட்டா, அங்க மிசினுக்குள்ள ஆள் இல்லேன்னு ஆயிருமா புள்ள?”

காளியாயி ஒருமுறை பூரணியிடம் இப்படிக் கேட்டாள். அன்று இருவரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்த செவ்வாய்க்கிழமை, காளியாயியின் வலது கை தேயிலை உருட்டும் மூன்றாம் ரோலருக்குள் நசுங்கியது. உள்ளே ஆள் இல்லை என்று கணினியில் டிக் விழுந்திருந்தது. டிக்கின் பக்கத்தில் பூரணியின் பெயர் இருந்தது.

வியாழன் காலை ஹட்டனில் மழை தூறிக்கொண்டிருந்தது. புத்தகக் கடை மாடியில் சிவகௌரி கதவைத் திறந்தபோது, மெலிந்த பெண்ணொருத்தி ஈரக் குடையோடு படியில் நின்றாள்.

“லேட்டாயிருச்சுங்களா மிஸ்? ஒம்போதுக்கு வரச் சொன்னாங்க.”

சுவர்க் கடிகாரம் எட்டரை காட்டியது.

“இல்லைப் பிள்ளை, வெள்ளெனவே வந்திட்டீர். உள்ளை வாரும்.”

சிவகௌரி யாழ்ப்பாணத்துக்காரி. தபால் திணைக்களத்தில் காணாமல்போன பார்சல்களைத் தேடும் விசாரணை அதிகாரியாக இருபத்தாறு வருடம் வேலை செய்து, ஓய்வுக்குப் பிறகும் ஹட்டனிலேயே தங்கிவிட்டவள். அவளுக்கு வழக்குகளைக் கொண்டுவருபவன் ஆட்டோக்காரன் சுதாகரன். அன்றும் அவன்தான் பின்னாலேயே படியேறி வந்தான்.

“மணி கேட்டாலே சண்டையா இருக்குங்க மிஸ். கவர்மெண்டு நாட்டு மணிய அரை மணி பின்னுக்கு வச்சாலும் வச்சாங்க, ஒருத்தன் புது நேரம்ங்கிறான், ஒருத்தன் பழைய நேரம்ங்கிறான். ஸ்டேசனுக்குப் போற அய்யா ஒருத்தர் ட்ரெய்ன் போயிருச்சுன்னு என்னைய அடிக்கவே வந்துட்டாரு. பாத்தா ட்ரெய்ன் வரவே இல்ல!” என்றவன் பூரணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “இந்தப் புள்ளதாங்க. எங்க சித்தி வீட்டு லயத்துல கடைசிக் காம்பரா.”

பூரணி மெதுவாகத்தான் பேசினாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மூன்றுகல் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து நிறுக்க நின்றாள். கையெழுத்து அழகாக இருந்ததால் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். கொழும்புக் கம்பெனி சென்ற வருடம் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்திருந்தது. ஸ்டோரின் ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு படிக்கு டிக் விழுந்தால்தான் அடுத்த படி திறக்கும். விழுந்த டிக்கை யாராலும் அழிக்க முடியாது.

“ரோலர் கழுவுற லிஸ்ட்டுல அஞ்சு படிங்க. சுவிட்ச் ஆஃப், சிவப்பு அட்டை மாட்டுறது, கழுவி முடிச்சாச்சு, உள்ள ஆள் இல்ல, அட்டைய எடுத்தாச்சு. அஞ்சும் விழுந்தா லிஸ்ட்டு முழுசா பச்சையாயிரும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரய்யா கண்ணாடி வழியா பாத்துட்டு மிசினை ஓட்டுவாரு. மிசின்ல நிக்கிறவங்க சன்னல்ல வந்து சொன்னாத்தான் நான் டிக் போடுவேன்.”

“அண்டைக்குக் காளியாயி வந்து சொன்னவவோ?”

“அட்டை மாட்டினேன்னு சொல்லிட்டுப் போனாங்க. பொறகு வரலைங்க. அப்படித்தான் நான் நெனச்சேன். ஆனா...” அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கொழும்பிலிருந்து வந்த அச்சுப் பிரதி.

சுவிட்ச் 9.38. அட்டை 9.40. கழுவி முடிந்தது 10.19. ஆள் இல்லை 10.20. அட்டை எடுத்தது 10.20. ஐந்திலும் பூரணி என்றே இருந்தது. கீழே பேனாவால், ‘விபத்து: 10.35 – விபத்துப் புத்தகப்படி’ என்று எழுதியிருந்தது.

“பத்து இருவதுக்கு நான் ஏதோ டிக் போட்டது ஞாபகம் இருக்குங்க மிஸ். சுவத்து மணிய நிமிந்து பாத்தேன். நாலாம் ரோலர் லிஸ்ட்டுன்னு நெனச்சுத்தான் போட்டேன். மூணுல போட்டுட்டேனோ என்னவோ. இப்ப எனக்கே என்னைய நம்ப முடியல.”

நாளை பத்து மணிக்கு விசாரணை. ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விசயம் வேலை போவதோடு முடியும்; போடாவிட்டால் பொலிஸ் என்று தோட்ட மேனேஜர் பெரியதுரை சொல்லியிருந்தார். வேலை போனால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். அம்மா பேச்சியம்மாவுக்கு நடக்க முடியாது. அந்த வீட்டில் தோட்டத்துப் பேரேட்டில் பெயர் உள்ளவள் பூரணி ஒருத்திதான்.

“உம்மட பாஸ்வேர்ட் வேறை ஆருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க.” பதில் வேகமாக வந்தது. குடைக் கம்பியைத் திருகிய விரல் அதைவிட வேகமாக நின்றது. சிவகௌரி இரண்டையும் கவனித்தாள். காளியாயியைப் பார்க்க ஆட்டோவை எடுக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சுதாகரன் பேசிக்கொண்டே ஓட்டினான்.

“சஞ்சயன்தாங்க மிஸ். ஆபீஸ்ல இருக்காரே, லிஸ்ட்டு எல்லாம் செய்யிறவரு. படியக் கூட்டுவாரு, கொறைப்பாரு, எல்லாச் சாவியும் அவரு கையில. வேற யாரு?”

“சாவி வைச்சிருக்கிறவன் எல்லாம் கள்ளன் எண்டால், தம்பி, நான் தபால்கந்தோரிலை ஒருத்தரையும் விட்டிருக்க ஏலாது. ரோட்டைப் பாரும்.”

வார்டில் காளியாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே கட்டுத் துணி மட்டும்தான் இருந்தது. பூரணியைக் கண்டதும் திரும்பினாள்.

“ஏண்டி அழுவுற? கை போனது எனக்கு.” பிறகு சிவகௌரியிடம், “இந்தப் புள்ளதாங்க லொறியில என்னைய மடியில போட்டுக்கிட்டு வந்துச்சு. சீலை பூரா ரத்தம். இது டிக் போட்டு எனக்கு இப்படி ஆச்சுன்னா நான் நம்ப மாட்டேன்.”

“அட்டையை எப்ப மாட்டினனீங்கள்?”

“பத்து மணிக்குத் தேத்தண்ணி சங்கு ஊதுவாங்க. குடிச்சுட்டு வந்துதான் மாட்டினேன். சன்னல்ல சொல்லிட்டுக் கழுவப் போனேன். பாதி கூட கழுவல. அட்டை அங்கயேதான் தொங்குச்சு. கைய உள்ள விட்டுச் சுரண்டிக்கிட்டு இருக்கேன், மிசின் சுத்துது.” அவள் கட்டுத் துணியைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். “வருசப் பொறப்புக்குப் பொறகு பொழுதே நீண்டு போச்சுன்னு பாக்க வந்த பொண்ணுங்க சொல்றாங்க மிஸ். வேலை முடியவே மாட்டேங்குதாம். அன்னிக்கு லீவுல சேந்த கொழுந்து மலையாக் கெடந்துச்சு. டீமேக்கரய்யாவுக்குப் பெரியதுரை பங்களாவுலருந்து போன் மேல போன்.”

கட்டில் தலைமாட்டில் ஆஸ்பத்திரி டிக்கெட் தொங்கியது. சிவகௌரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அனுமதித்த நேரம், கொண்டுவந்தவர் பெயர், கையெழுத்து. இரண்டு முறை படித்தாள்.

“தம்பி, ஸ்டோரிலையிருந்து இஞ்ச வர எவ்வளவு நேரம்?”

“லொறின்னா இருவது நிமிசங்க.”

“இவ இஞ்ச வந்து சேர்ந்தது பத்து இருபத்தைஞ்சு.”

சுதாகரன் கணக்குப் போட்டான். உதடு அசைந்தது. நின்றது. “கை நசுங்குனது பத்து முப்பத்தஞ்சுங்களே மிஸ்! நசுங்கறதுக்குப் பத்து நிமிசம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்களா?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்,” என்றாள் சிவகௌரி. “டிக்கெட்டை ஒரு போட்டோகொப்பி எடுப்பம். பிறகு உமக்கு ஒரு வேலை. பின்னேரம் தோட்டத்துக் கேற்றடியிலை ஆட்டோவை நிப்பாட்டிப்போட்டு, வேலை விட்டு வாற பொம்பிளையளிட்டை என்ன மணி எண்டு மட்டும் கேளும்.”

வெள்ளிக்கிழமை மலையை மூடியிருந்த பனி ஸ்டோரின் கண்ணாடிகளிலும் ஒட்டியிருந்தது. கணினி அறை முன்பு பழைய சாக்குகள் போட்டுவைத்த இடம். ஜன்னல் ஒன்று, அதுவும் ரோலர்கள் பக்கம். ஆறு பேர் உட்கார்ந்ததும் மூச்சு முட்டியது. பூரணி தன் தரப்பில் ஆள் கூட்டிவரலாம் என்று விசாரணைக்கு அழைத்த கடிதத்தில் இருந்ததால் பெரியதுரையால் மறுக்க முடியவில்லை. ஆனால் கதவைச் சாத்தச் சொன்னார்.

டீமேக்கர் பொன்னையா சுவரோரம் இருந்தார். முப்பது வருடம் தேயிலை வாசத்தில் நின்ற மனிதர். சஞ்சயன் கணினி முன்னால் இருந்தான்.

“ஐயா, மிசினைப் போட்டது நீங்கள்தானே?” சிவகௌரி பொன்னையாவிடம் கேட்டாள்.

“நான்தாங்க. லிஸ்ட்டு பச்சையா இருந்துச்சு. இந்தக் கண்ணாடி வழியா பாத்துட்டுத்தான் போட்டேன்.”

“விபத்துப் புத்தகத்திலை பத்து முப்பத்தைஞ்சு எண்டு எழுதினதும் நீங்கள்தானோ?”

“ஆமாங்க. அந்த மணியப் பாத்து எழுதினேன்.” ரோலர்களுக்கு மேலே தொங்கிய பெரிய கடிகாரத்தைக் காட்டினார்.

சிவகௌரி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதில் ஒன்பதே முக்கால். கண்ணாடிக்கு அப்பால் பெரிய கடிகாரம் பத்தேகாலைக் காட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி சஞ்சயன், கொம்பியூட்டரிலை எத்தினை மணி?”

“ஒன்பது நாற்பத்தைந்து மேடம். சனிக்கிழமையே கொழும்பிலிருந்து புது நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.” சொல்லி முடிக்கும் முன்பே அவன் முகம் மாறியது.

“ஸ்டோரிலை மாத்தயில்லை. அதனாலைதான் பூரணி ஒன்பது மணி எண்டு எட்டரைக்கு என்ரை வாசல்லை நிண்டது. பத்து மணிச் சங்குக்குப் பிறகு மாட்டின அட்டைக்கு, கொம்பியூட்டர் ஒன்பது நாற்பது எண்டு போட்டதும் அதாலைதான். உங்கடை பத்து முப்பத்தைஞ்சு, ஐயா, கொம்பியூட்டரிலை பத்து அஞ்சு. அந்த நேரம் பட்டியலிலை ரெண்டு டிக்தான் இருந்தது. மிச்ச மூண்டும் விழுந்தது பத்து இருபதுக்கு. கை நசுங்கிப் பதினைஞ்சு நிமிசத்துக்குப் பிறகு.”

பெரியதுரை மேசையிலிருந்த அச்சுத் தாளில் மணிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அந்த நேரம் பூரணி எங்கை? காளியாயியை மடியிலை வைச்சுக்கொண்டு லொறியிலை. பத்து இருபத்தைஞ்சுக்கு ஆஸ்பத்திரியிலை கையெழுத்து வைச்சிருக்கிறா. நாலாம் ரோலருக்கு அவ டிக் போட்ட பத்து இருபது ஸ்டோர் மணி; கொம்பியூட்டரிலை அது ஒன்பது ஐம்பது.” போட்டோகொப்பியை மேசையில் விரித்தாள்.

“அப்ப சஞ்சயன் சார்தானே!” சுதாகரனால் அடக்க முடியவில்லை.

“இல்லை. ஒவ்வொரு டிக்கோடையும் நேரம் கொழும்புக்குப் போகுது எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் பிந்திப் போய் டிக் போடமாட்டார். பட்டியலிலை நேரம் தெரியாது, பச்சை மட்டும்தான் தெரியும். பச்சை வந்தால் போதும் எண்டு நினைச்ச ஆள்தான் போட்டது. அதோடை, அந்த நேரம் இல்லாத பச்சையைக் கண்ணாடி வழியாப் பார்த்ததெண்டு சொல்லுற ஆள் ஒருத்தர்தான்.”

பொன்னையாவின் கை முழங்காலைப் பிடித்தது. “பாஸ்வேர்டு எனக்கு எப்படிங்க தெரியும்?”

அதற்குச் சிவகௌரியிடம் ஊகம் மட்டுமே இருந்தது. அவள் பூரணியைப் பார்க்கவும் இல்லை.

“நான்தாங்க குடுத்தேன்.” பூரணி தரையைப் பார்த்தபடி சொன்னாள். “நான் லீவு போட்டா அய்யா அடிக்கணும்னு கேட்டாரு. இல்லேன்னு சொல்ல வாய் வரல. குடுத்தா வேலை போயிரும்னு எழுதிப் போட்டிருக்கு, அதான் மறைச்சேன். காளியாயி அக்காவுக்குத் தெரியாது. அவங்க என்னைய நம்புறாங்க.”

பொன்னையா தலை குனிந்தார். “மலையாக் கொழுந்துங்க. பத்தரைக்குள்ள மூணாம் ரோலர் சுத்தலேன்னா வீட்டுக்குப் போன்னு தொரை சொன்னாரு. அட்டைய நான் பாக்கவே இல்ல. கத்துற சத்தம் கேட்டுத்தான்... பொறகு எல்லாரும் லொறிக்கு ஓடிட்டாங்க. ரூம் தொறந்து கெடந்துச்சு. பேப்பர் வந்தப்ப, பத்து அம்பதுக்கு நான் போட்ட டிக்கு பத்து இருவதுன்னு இருக்கப் பாத்து நானே அசந்து போயிட்டேன்.”

“மிஸ், நேத்துக் கேட்ட கதைய நான் சொல்லவா?” என்றான் சுதாகரன். “காலையில சங்கு பழைய நேரத்துக்காம். சாயங்காலம் மட்டும் புது நேரத்துக்காம். ‘ஏறும்போது ஒரு மணி, எறங்கும்போது ஒரு மணியா?’ன்னு அந்தம்மாக்க என்னையப் புடிச்சுக் கேக்குறாங்க. நானா மாத்தினேன்?”

ஒரு நாளைக்கு அரை மணி கூலியில்லாத வேலை, ஒவ்வொரு ஆளிடமிருந்தும். பெரியதுரை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் குரல் இப்போது கனிவாக இருந்தது.

“சரி. பூரணி மேல தப்பு இல்ல, ஒத்துக்கிறேன். பாஸ்வேர்டு விசயத்தையும் விட்டுருவோம். வேலையும் இருக்கட்டும், வீடும் இருக்கட்டும். பொன்னையாவும் வயசானவரு. கடிகாரத்தைப் பத்தி யாரும் எழுத வேணாம். லிஸ்ட்டு பச்சை, மிசின் போட்டது சரி. முடிச்சிட்டேன்னு சொன்ன பொறகு காளியாயி தானா திரும்பக் கைய விட்டான்னு எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுது. யாருக்கும் நட்டமில்ல.”

“காளியாயிக்கு?” என்று கேட்டாள் சிவகௌரி.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “பூரணி, நீதான் நல்லா எழுதுவியே. உக்காந்து டைப் பண்ணு. ஒன்பது வரி வரும்.”

சஞ்சயன் எழுந்து நாற்காலியை விட்டான். திரையில் வெள்ளைப் பக்கம் திறந்திருந்தது. பூரணி போய் உட்கார்ந்தாள். விசைகளின் மேல் விரல்களை வைத்தாள். பெரியதுரை சொல்லத் தொடங்கினார்: “மேற்படி தொழிலாளி, தன்னுடைய சொந்தக் கவனக்குறைவால்...”

விரல்கள் அசையவில்லை. அவர் அதே வரியை இன்னொருமுறை, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

பூரணி எழுந்தாள். மேசையில் விரித்துக் கிடந்த அச்சுத் தாளையும் போட்டோகொப்பியையும் ஒன்றாக மடித்து எடுத்துக்கொண்டாள். சுதாகரன் முழங்காலை ஒதுக்கி வழி விட்டான். அவள் சாத்தியிருந்த கதவைத் திறந்தாள். நான்கு ரோலர்களுக்கும் நடுவே, வேலையை நிறுத்திப் பார்த்த பெண்களைத் தாண்டி, காளியாயி கிடந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் இறங்கி நடந்தாள்.