மூன்று புள்ளி பத்து

1992. செவ்வாய்க்கிழமை, காலை 9.10. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில், அந்தச் சிறிய மென்பொருள் கம்பெனியின் இரும்பு இழுப்பறை பூட்டியபடியே இருந்தது. திறந்தபோது, நேற்று மாலை வைத்த இரண்டு டிஸ்கெட்டுகளில் ஒன்றுதான் உள்ளே கிடந்தது.

இருந்தது 3.10. காணாமல் போனது 3.9.

கிள்ளான் கிடங்குகளின் சரக்குக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளின் இரண்டு பதிப்புகளுடைய மூலப் பிரதிகள் அவை. முதலாளி பாலசுந்தரம் உடனே போலீசை அழைத்தார்.

"இவன்தான் மேடம்," என்று புரோகிராமர் ஜெயராஜைக் காட்டினார். "அடுத்த வாரம் செராஸ்ல வேற கம்பெனிக்குப் போறான். வெறுங்கையோடயா போவான்? லாக்கப்ல போடுங்க."

லாக்கப் என்ற சொல் செராஸை எட்டினால் ஜெயராஜின் புது வேலையும் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் புனிதவதி உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே கேட்டார்.

"சாவி?"

"மூணு பேர்கிட்ட. நான், இவன், அக்கவுண்டன்ட் முத்துக்குமாரு."

"ஜெயராஜ், எடுத்தீங்களா?"

"எனக்கு வேணும்னா காப்பி எடுத்திருப்பேன் லா. யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"அப்படிச் சொல்லித் தப்பிக்கத்தான் டிஸ்கெட்டையே தூக்கியிருப்ப," என்றார் பாலசுந்தரம்.

முத்துக்குமாரு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒரு வார லீவு முடிந்து நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். "எவ்வளவு உழைப்பு மேடம். புதுசு போச்சு. பழசை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்."

ரயில் ஒன்று கடந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின.

"இது என்ன நம்பர், பத்து?" என்றார் புனிதவதி.

பாலசுந்தரம் சலித்துக்கொண்டார். "போன வாரம் முழுக்க அதுக்குத்தான் சண்டை. 3.9க்கு அடுத்தது 4.0 வரணும். கிள்ளான்ல நம்ம கஸ்டமர் எல்லாம் சீன முதலாளிங்க. சீனத்துல நாலுன்னா சாவுங்கிற மாதிரி கேக்கும், நாலுன்னு போட்டா தொட மாட்டாங்க. வீட்டு நம்பரையே 3A-ன்னு போடுறவங்க. கடைசில இவன்தான் 3.10-ன்னு போடச் சொன்னான்."

புனிதவதியின் நடை நின்றது. ஒரு தாளில் இரண்டு எண்களையும் எழுதி முத்துக்குமாருவிடம் நீட்டினார்.

"எது பெருசு?"

"3.9தான். மூணு வெள்ளி தொண்ணூறு காசு. மத்தது மூணு வெள்ளி பத்து காசு." அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பத்துன்னு நம்பர் போட்டதே ஜெயராஜ். அவர் திருடினா புதுசை விட்டுட்டுப் பழசை எடுப்பாரா? 3.10தான் புதுசுன்னு பாஸுக்கும் தெரியும். சண்டை நடந்தப்ப இங்க இல்லாதது நீங்க மட்டும்தான். புதுசுன்னு நினைச்சுப் பழசைத் தூக்கிட்டீங்க. 'புதுசு போச்சு'ன்னு இப்பதான் உங்க வாயாலயே சொன்னீங்க. பையைத் திறங்க."

பையிலிருந்த டிபன் கேரியரின் அடித்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் 3.9 இருந்தது.

"மத்தியானம் கிள்ளான் பக்கம் மேருவில ஒருத்தர்கிட்ட கொடுக்கிறதா..." முத்துக்குமாரு முடிக்கவில்லை.

பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். "ஜெயராஜ், கோவத்துல சொல்லிட்டேன். இருந்துடு லா."

ஜெயராஜ் இழுப்பறைச் சாவியை மேசைமேல் வைத்தான்.

"அடுத்ததுக்கு நேரா 5.0-ன்னு போட்டுடுங்க பாஸ்," என்றான். "யாரும் குழம்ப மாட்டாங்க."

இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கிப் போனான்.