ஒரு ஜனவரி போதாது

தஞ்சாவூரிலிருந்து கிளம்பிய வேளாங்கண்ணி பேருந்தில் ஜன்னல் ஷட்டர் பாதிதான் இறங்கியது. மீதிப் பாதி வழியாக ஐப்பசி மழை எழில்மொழியின் தோளை நனைத்துக்கொண்டே வந்தது. பக்கத்து இருக்கைக்காரன் எதையும் கவனிக்காமல் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அம்மா, சில்சாரும் நம்மூர் மாதிரிதாம்மா. இதே மழை, இதே சேறு, இதே வேர்வை. அஸ்ஸாம்னா பனிமலைன்னு நெனச்சுண்டியா? வெப்பமண்டலம். ஜனவரில நீ வரச்ச கம்பளியே வேண்டாம்."

கீழ்வேளூரில் புவியியல் டீச்சர் அவள். பேசாமல் இருக்கத்தான் பார்த்தாள்... முடியவில்லை.

"கம்பளி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பாவம் உங்க அம்மா."

திரும்பினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கண்ணில் தொடங்கிய சிரிப்பு உதட்டுக்கு வராமல் அங்கேயே நின்றது...

"நான் அங்க காலேஜ்ல வேலை பாக்கறேங்க. நீங்க போயிருக்கீங்களா?"

"இல்ல. கடகரேகைக்கு மேல இருக்குன்னு தெரியும். அது துணை வெப்பமண்டலம்."

"ரேகை மேப்லதான் இருக்கு. மழைக்குத் தெரியுமா?"

"சரி, ரேகைய விடுங்க. ரொம்பக் குளிரான மாசத்துச் சராசரி பதினெட்டு டிகிரிக்குக் கீழ போனா அது வெப்பமண்டலம் இல்ல. மழை எவ்வளவு கொட்டினாலும் சரி."

"போகாதுங்க."

"போகும்."

முன்னிருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் எங்க எறங்கணும்?"

"கீழ்வேளூர்," என்றார்கள் ஒரே குரலில்.

"அங்க எறங்கிச் சண்ட போடுங்க. எனக்குத் தூக்கம் வருது."

இறங்கும்போது பந்தயம் முடிவாகியிருந்தது. ஜனவரி முழுக்கக் காலையிலும் மத்தியானமும் அவன் டிகிரி அனுப்ப வேண்டும். "அனுப்பணும்னா நம்பர் வேணுமே..." என்றான் ரகுராமன், கோயில் பக்கம் போகிறவன் போல நின்றுகொண்டு. மழை நல்லவேளையாக அவள் முகத்தை மறைத்தது.

ஜனவரி வந்தது. விடியும்போதே செய்தி: பன்னிரண்டு. மத்தியானம்: இருபத்தைந்து. பதினெட்டைச் சுற்றியே கொஞ்சம் மேலும் கீழுமாக அலைந்தது சராசரி. பொங்கலுக்குள் டிகிரி குறைந்து பேச்சு நீண்டுவிட்டது. "யாருக்கும்மா காய்ச்சல்? தெனம் டிகிரி கேக்குற?" என்றார் அவளுடைய அப்பா ரெத்தினம்.

ஒரு சாயங்காலம் அவன் கேட்டான். "உங்க சொந்த ஊர் எது? சொல்லவே இல்லையே."

"தென்னவநல்லூர்."

"அடடே, அங்க வாய்க்கால் வரைக்கும் எங்க தாத்தா நிலம்தாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அந்த நிலத்தில் பண்ணையாளாய்ச் சேற்றில் நின்றவர் அவளுடைய தாத்தா. அவன் குடும்பம் விற்றுவிட்டுப் போன பிறகு அதில் ஒரு பங்கை வாங்கி உழுகிறவர் அவளுடைய அப்பா. அவன் வீட்டுக் கூடத்தில் அப்பா உட்கார முடியுமா? அவன் அம்மா நம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாளா?

போனை வைத்தாள். பிறகு எடுக்கவில்லை.

காலையும் மத்தியானமும் டிகிரி மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் மழையைப் பார்த்துக் காலநிலையைச் சொல்லிவிடாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், ஒரு வார்த்தையை வைத்து ஒருவனை முடிவுகட்டிவிட்டாளோ... மனசு கேட்டது. ரோஷம் பதில் சொல்ல விடவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு விடியல். வயலில் நின்ற அப்பாவுக்கு டீ கொண்டுபோனாள். பனிக்குள் வரப்பில் யாரோ செருப்பைக் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்கள். ரகுராமன்.

நேராக ரெத்தினத்திடம் போய் நின்றான்.

"ஐயா, இத எங்க நிலம்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். பழசு எதுவும் தெரியாம சொன்னது. அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுண்டேன். தப்பு. இது உங்க நிலம்."

ரெத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க நிலந்தான் தம்பி. பத்திரம் இருக்கு. நீங்க ஒத்துக்கிட்டாத்தான்னு இல்ல." பிறகு தன் டம்ளரை நீட்டினார். "டீ குடிங்க. குளிருதுல்ல."

வாங்கிக் குடித்தான். அறுப்பு இயந்திரம் வரும் சத்தம் கேட்டு அவர் நகர்ந்தார்.

அவள் பயிரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மாவுக்குக் கம்பளி..."

"ரெண்டு வாங்கினோம். கம்பளி சொன்ன பொண்ணப் பாக்கணும்னு அம்மா சொன்னா. எந்த வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன். ரெண்டு நாள் எங்கிட்ட பேசல." டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்புறம், நான் போனா அவா வீட்ல எனக்குக் காபி தருவாளான்னு கேட்டா."

எழில்மொழி அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"நான் பதில் சொல்லாத நாளையும் சேத்துதான் சராசரி போட்டேன்... பதினெட்டரை வருது."

"அப்ப நீங்க தோத்துட்டீங்க."

"இல்ல. ஒரு ஜனவரிய வச்சு எந்த ஊரையும் முடிவு பண்ண முடியாது. முப்பது வருஷம் பாக்கணும்."

"முப்பது வருஷமா? அத்தனை நாளும் அனுப்பணுமா?"

பனி விலகி, கதிர்களின் மேல் வெயில் விழுந்தது. முதல் முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"அனுப்ப வேணாம்... பக்கத்துல இருந்தே பாத்துக்கறேன்."