ஒரு தோட்டாவுக்கு முப்பது கஜம்

தகட்டின் சத்தம் சீக்கிரம் வந்துவிட்டது.

வீட்டிலிருந்து ஆயிரம் கஜத்துக்கு அப்பால், மேட்டின் சரிவில் சங்கிலியில் தொங்குகிற வெள்ளை இரும்புத் தகடு அது. சுட்டால் குண்டு அங்கே போய்ச் சேர ஒன்றரை வினாடி ஆகும். பட்ட சத்தம் காற்றில் திரும்பி வர இன்னும் இரண்டே முக்கால் வினாடி. மொத்தம் 4.2 என்று மேஜைமேல் இருக்கும் கைக்கணினியின் செயலி முன்கூட்டியே சொல்லிவிடும். சுட்ட பிறகு வெடிச் சத்தத்தையும் தகட்டுச் சத்தத்தையும் அதுவே கேட்டு, இடைவெளியைக் குறித்துக்கொள்ளும். இன்று 4.1 என்று குறித்திருந்தது. பத்தில் ஒரு பங்கு வினாடி. வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் ஆர்டிஸ் ஹோவ்லாண்டுக்குத் திரையைப் பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிட்டது, ஏதோ சரியில்லை என்று.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். இருபத்திரண்டு வருடம் கார்டன் என்ற மனிதனோடு குடித்தனம் செய்து, அவன் அனுமதி இல்லாமல் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாமல் இருந்து, ஒரு நாள் துணிப்பையோடும் ரைஃபிளோடும் வெளியேறி, மொன்டானாவின் இந்த வறண்ட மூலையில் இந்தச் சின்ன வீட்டை வாங்கினாள். முதல் பனி விழுந்ததும் மூட்டை கட்டிவிடுவாள் என்று ஊரே சொன்னது. பனி விழுந்தது, உருகியது, அடுத்த பனிக்காலமும் வரப்போகிறது. அவள் இங்கேதான் இருக்கிறாள். யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறக்கிறாள், யாரையும் கேட்காமல் சுடுகிறாள்.

தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் ஒரே ஒரு குண்டு. ஆறிக்கிடக்கும் துப்பாக்கிக் குழாயிலிருந்து போகிற முதல் குண்டுதான் உண்மை பேசும் என்பது நெடுந்தூரம் சுடுகிறவர்களின் கணக்கு. ஒன்று சுட்டு, எழுதிவைத்துவிட்டு, காப்பி போடப் போய்விடுவாள். தோட்டாவும் அவள் கையால் செய்ததுதான். பித்தளைக் கூட்டைக் கழுவி, வெடிமருந்தை மணி மணியாகத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகி எடுத்தால், குழாய் வாயில் வைக்கிற வேகமானியில் ஒவ்வொன்றும் வினாடிக்கு 2,710 அடி காட்டும். ஐந்து அடி கூடக் குறையப் போனாலே அவளுக்குத் தூக்கம் வராது.

அன்று சாயங்காலம் வெண்டல் க்ராப்புக்குப் போன் செய்தாள். துப்பாக்கி மன்றத்தை நடத்துகிறவர், அறுபத்தைந்து வயது, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர்.

"உன் குண்டு நீ நெனைக்கிறதைவிட வேகமாப் போகுதும்மா," என்றார். "செயலியை நேர்பண்ணு, சரியாப் போயிடும்."

"வேகமானி 2,710 தான் காட்டுது, வெண்டல்."

"வேகமானியா போய் மான் சுடப்போகுது? என்ன நடந்துச்சோ அதைச் செயலிக்குச் சொல்லு."

நேர்பண்ணுவது என்பது இவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். செயலி ஒன்று சொல்லி, நிஜத்தில் இன்னொன்று நடந்தால், நடந்ததற்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் இரண்டும் ஒத்துப்போகும். ஆர்டிஸ் 2,870 என்று மாற்றினாள். செயலி உடனே 4.1 என்றது. நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் 3.9. அவள் 3,250 ஆக்கினாள். ஏதோ சரியில்லைதான், ஆனாலும் எண்கள் ஒத்துப்போனதும் மனதுக்கு ஒரு சமாதானம் வந்துவிடுகிறதே. அதற்கு மறுநாள் 3.8. வேகக் கட்டத்தில் 3,550 என்று அடித்துவிட்டு விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த ரைஃபிளில் அந்த வேகம் வரவேண்டுமென்றால் அது என்றைக்கோ வெடித்து அவள் கன்னத்தைக் கிழித்திருக்கும். மூன்று நாளாகச் செயலிக்குப் பொய் ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

லாரியை எடுத்துக்கொண்டு தகட்டைப் பார்க்கப் போனாள். வெயில் இன்னும் இருந்தது. புல் காய்ந்து, உரசினால் தீப்பிடிக்கிற மஞ்சளில் கிடந்தது. எப்போதும் வளையிலிருந்து தலையை நீட்டிக் கத்துகிற புல்லெலிகள் ஒன்றைக்கூடக் காணவில்லை. தகட்டில் நான்கு நாளைக்கு முன் அவள் அடித்த வெள்ளை வண்ணம் அடித்தபடியே இருந்தது. குண்டு பட்டால் கையளவுக்குக் கருப்பாகச் சிதறியிருக்க வேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. மூன்று நாளும் சத்தம் கேட்டது, ஆனால் தகட்டில் எதுவும் படவே இல்லை.

திரும்பி வரும்போது பள்ளத்தில் ஒரு இடத்தில் லாரிக்குள் குளிர் புகுந்தது, அதோடு ஈரத் துணியைப் பலநாள் மூடிவைத்துத் திறந்த நாற்றமும். அவள் வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து வேகத்தை 2,710 க்கே திருப்பினாள். கேள்வியை மாற்றிக் கேட்டாள்: வேகம் இதுதான், சத்தம் 3.8 வினாடியில் வருகிறது, அப்படியானால் எவ்வளவு தூரம்? செயலி 910 என்றது. முந்தின நாளுக்கு 940. அதற்கு முந்தின நாளுக்கு 970. வரிசையாக எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் முப்பது கஜம்.

குண்டு எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் போகிறது என்ற அட்டவணையும் செயலியில் உண்டு. ஆயிரத்துக்குக் குறிவைத்த குண்டு வளைந்து போகிறது. 910 இல், அந்தப் பள்ளத்துக்கு மேலே, தரையிலிருந்து பதினோரு அடி உயரத்தில் போகிறது என்று காட்டியது. பதினோரு அடி உயரத்தில் அங்கே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. மரம்கூட இல்லை. தூரம் அளக்கும் லேசரைப் பிடித்துப் பார்த்தாள். அது ஒன்றும் அறியாததுபோல் தகடு வரை ஆயிரம் என்றே காட்டியது.

இரண்டு நாள் சுடவில்லை. கொடியில் துணி போடும்போது முதுகைக் காட்ட முடியாமல் நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்தாள். ராத்திரி சமையலறை ஜன்னலை மூடி, தாழ்ப்பாளைப் போட்டாள். இந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாக. மூன்றாம் நாள் சுட்டாள். 3.7. செயலி 880 என்றது. அவள் சும்மா இருந்த இரண்டு நாளும் அது சும்மா நின்றிருக்கிறது. சுட்டால்தான் வருகிறது.

சனிக்கிழமை வெண்டல் மான்கறித் தொத்திறைச்சியோடு வந்தார். எண்களைக் காட்டினாள். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி பார்த்துவிட்டு, அந்தப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப சுடாதே," என்றார். "சுட்டாத்தானே வருது? விட்டுடு. பனி விழுறதுக்குள்ள உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடு."

"எதுக்கு?"

"பிடிவாதம் பண்ணாதேம்மா. இது மனுஷன் இல்லை."

"இருபத்திரண்டு வருஷம் ஒருத்தன் அதைப் பண்ணாதே இதைப் பண்ணாதேன்னு சொன்னான், கேட்டேன். இப்ப மூஞ்சியே இல்லாத ஒண்ணு வந்து நின்னா அதுக்கும் பயந்து நான் ஜன்னலை மூடிக்கணுமா?"

"அது கிட்ட வந்தா என்ன பண்ணுவ?"

"இவ்வளவு தூரத்துல நிக்கிறதை என்னால ஒண்ணும் பண்ண முடியலை, வெண்டல். கிட்ட வரட்டும்."

அவர் தன்னோடு வரச் சொன்னார். மாட்டேன் என்றாள். தானாவது கூட இருப்பதாகச் சொன்னார். அதற்கும் மாட்டேன் என்றாள். காரில் ஏறும்போது அவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டவில்லை. அவரும் நண்டுபோல்தான் போனார்.

880 ஐ முப்பதால் வகுத்தால் இருபத்தொன்பது, கொஞ்சம் மிச்சம். மேஜையில் உட்கார்ந்து முப்பது தோட்டா செய்தாள். மருந்தை ஒவ்வொரு மணியாக நிறுத்தாள். பயமாகத்தான் இருந்தது. கார்டனை விட்டுக் கிளம்பிய அன்றும் இப்படித்தான் இருந்தது, கிளம்பாமலா இருந்தாள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வராந்தா மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். நல்ல வெளிச்சம். காற்றே இல்லை. காதுமூடியைப் போட்டுக்கொண்டாள். வெடிச் சத்தத்தை வெட்டிவிட்டு, சின்னச் சின்னச் சத்தங்களைப் பெரிதாக்கிக் கொடுக்கிற வகை அது. தன் மூச்சு, நாற்காலி முனகுவது, உள்ளே குளிர்பெட்டி உறுமுவது எல்லாம் பக்கத்தில் கேட்டன. இந்தமுறை தகட்டுக்குக் குறிவைக்கவில்லை. செயலி சொன்ன தூரத்துக்கு, ரைஃபிள்மேல் பொருத்திய ஸ்கோப்பின் தூரத் திருகைத் திருப்பி, அந்தப் பள்ளத்தின் வெறுங்காற்றில் குறிவைத்தாள்.

சுட்டாள். 3.5. டங் என்று தெளிவாக வந்தது. தூரத்தைக் குறைத்தாள். சுட்டாள். 3.4. திருப்பினாள், சுட்டாள், கூட்டைத் தள்ளினாள். சூடான பித்தளை வராந்தாப் பலகையில் உருண்டது. ஸ்கோப்பில் மஞ்சள் புல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை. பத்தாவது தோட்டாவில் 2.4. குழாயிலிருந்து எழுந்த சூட்டில் ஸ்கோப்புக்குள் காட்சி நெளிந்தது. ஈரத்துணி நாற்றம் வர ஆரம்பித்தது.

பதினாறாவது தோட்டாவில், 1.6 வினாடியில், அந்தச் சத்தத்தை முதல்முறையாகச் சரியாகக் கேட்டாள்.

அது இரும்பின் சத்தம் இல்லை. இவ்வளவு நாளும் தூரம் அதை இரும்பாக்கிக் காட்டியிருக்கிறது. யாரோ வாயால் 'டங்' என்று சொல்கிறார்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, தொண்டையை இறுக்கி, தகடு எப்படி ஒலிக்கும் என்று வெகுநாள் கேட்டுப் பழகியதைப்போல.

ஆர்டிஸ் மேஜையை விட்டு நகரவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம். லாரிச் சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. பதினான்கு தோட்டா மிச்சமிருந்தது, அப்படியே விட்டுவிட்டால் அது நானூறு கஜத்தில் நின்றுகொண்டே இருக்கும். அவள் தூங்கும்போதும் நின்றுகொண்டே இருக்கும்.

"வா," என்றாள் சத்தமாக. "இது என் வீடு."

சுட்டாள்.

டங்.

சுட்டாள். 1.3. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தமும் காதுமூடிக்குள் வந்தது. புல் நசுங்குகிற சத்தம். இரண்டு கால். நீண்ட நீண்ட எட்டு. நின்றுவிட்டது.

சுட்டாள். நசுங்கியது. நின்றது.

0.8.

கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. வாயில் பித்தளை ருசி. இருபத்தாறு. வேலிக் கம்பி தானாக வளைந்து, தானாக நிமிர்ந்தது. இருபத்தேழு. டங் என்றது, கொஞ்சம் மேலிருந்து. தலைக்கு மேலே, வெகு மேலேயிருந்து. கொடியில் கிடந்த போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கியது, வழி விடுவதுபோல.

இருபத்தெட்டு.

செயலியால் பிரிக்க முடியவில்லை. எண் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

இருபத்தொன்பது.

வராந்தாப் படி முனகியது. முதல் படி. இரண்டாவது படி. வராந்தாக் கூரையின் பலகை ஒன்று அடிப்பக்கத்தில் உரசப்பட்டது. அது குனிகிறது. குனிந்துதான் வரவேண்டும். கூரை எட்டடிதான்.

ஒரு தோட்டா.

உள்ளே தள்ளிப் பூட்டினாள். விரல் வழுக்கியது. முன்னால் வெயில், புல், தூரத்தில் வெள்ளைத் தகடு. எதுவுமே இல்லை. காதுமூடிக்குள் மூச்சு கேட்டது. அவளுடையது வேகமாக. இன்னொன்று மெதுவாக.

"நான் எங்கேயும் போகப்போறதில்லை," என்றாள்.

சுட்டாள்.

டங் வரவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று எண்ணினாள். குளிர்பெட்டி உறுமுவது நின்றிருந்தது. குழாயின் நுனியிலிருந்து சூடு அலையலையாக எழுந்துகொண்டிருந்தது. முப்பது தோட்டா போன குழாய், தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

அந்த அலை நின்றது.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தோசைக்கல்லில் ஈரக்கை வைத்ததுபோல. தோல் கருகும் வாடை அவள் முகத்தில் அடித்தது. குழாயின் நுனியிலிருந்து பின்னால் ஒரு சாண் வரைக்கும், இரும்பின்மேல் ஈரம் படர்ந்து புகைந்தது. நான்கு பட்டைகள். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து அவற்றின்மேல் படிந்த ஐந்தாவது.

கருகியும் அது கையை எடுக்கவில்லை. குழாயை மெல்ல, அவசரமில்லாமல், அவள் பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தது. ஆர்டிஸ் துப்பாக்கிக் கட்டையைத் தோளோடு அழுத்தி, இரண்டு காலையும் பலகையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பினாள்.