ஐந்தாம் பாகத்துக்கு ஒரு பிணம்

போன் அலறியது.

பல் துலக்கிக்கொண்டிருந்த ரோஸ்லின் வாயில் பிரஷ்ஷோடு எடுத்தாள். சிகந்திராபாத் திருமுல்கேரி காலனியில் நேற்றைய மழை இன்னும் ஜன்னலில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுமுனையில் சௌம்யா. கூட வேலை பார்க்கும் பிரசன்னாவின் மனைவி.

"ரோஸ்லின்... அவர் நைட்டு வீட்டுக்கு வரல. இப்ப போலீஸ்லேருந்து போன். உப்பல் ஆபீசுக்கு வரணுமாம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. நீ வர்றியா?"

ரோஸ்லின் வாய் கொப்பளிக்கக்கூட இல்லை. ஓடினாள்.

உப்பலில் ஒரு பழைய பேட்டரி தொழிற்சாலை. அதை வாங்கி, வெள்ளையடித்து, கண்ணாடி மாட்டி 'மின்மினி கேம்ஸ்' என்று போர்டு வைத்திருந்தார்கள். வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி.

பின்பக்க முற்றத்தில், மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் அடியில்...

பிரசன்னா கிடந்தான்.

கண்கள் திறந்திருந்தன. வலது கை இறுக மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே வெள்ளியாய் மினுங்கும் ஒரு துண்டு டேப்.

சௌம்யா கத்தவில்லை. புருஷனின் காலடியில் உட்கார்ந்து, கழன்று கிடந்த செருப்பை எடுத்து அவன் காலில் மாட்டினாள். 

இன்ஸ்பெக்டர் வேதாசலம் அந்த டேப்பைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு திரும்பினார். அவர் குடும்பத்தார் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே சிகந்திராபாத்வாசிகள். தமிழ் மாறவில்லை. ஊர் மட்டும் அதில் கலந்துவிட்டது.

"இது என்ன பட்டி?"

"அசைவைப் படம் பிடிக்கறப்ப போடற மோகேப் சூட்ல ஒட்டற டேப் சார். ஆபீஸ் பூரா கிடக்கும்." பதில் சொன்னவர் கம்பெனியின் முதலாளி நிகில். கசங்காத வெள்ளைச் சட்டை. சிவந்த கண்கள். "நேத்துதான் அவனோட புது கேமை கேன்சல் பண்ணோம். ரொம்ப சென்சிட்டிவ் டைப். இப்படிப் பண்ணுவான்னு நினைக்கல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டேன். என் போன் டவரை வேணா செக் பண்ணிக்குங்க."

வேதாசலம் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலிலேயே 'தற்கொலை' என்று முடிவாகிவிட்டது ரோஸ்லினுக்குப் புரிந்தது.

சௌம்யா அவள் கையைப் பிடித்தாள்.

"நேத்து காலையில எங்கிட்ட சிரிச்சுட்டுத்தான் கிளம்பினார். எங்களை விட்டுட்டு அவரா போவாரா? எனக்கு அது மட்டும் தெரியணும், ரோஸ்லின். வேற எதுவும் வேண்டாம்."

*

பிரசன்னாவும், பணம் போட்ட நிகிலும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. முதல் கேம் 'செம்பன்'. வாளோடு கோட்டை கோட்டையாக ஏறும் வீரனின் கதை. பிய்த்துக்கொண்டு ஓடியது.

அதற்குப் பிறகு செம்பன் இரண்டு. செம்பன் மூன்று. செம்பன் நான்கு.

அதே கோட்டை. அதே வாள். வில்லனுக்கு மட்டும் மீசை மாறும்.

ரோஸ்லின் அந்தக் கம்பெனியில் அனிமேட்டர். திரையில் உருவங்களை நடக்க, ஓட, விழ வைப்பவள். தூத்துக்குடிக்காரி. ஒவ்வொரு பாகத்திலும் செம்பனுக்குப் புது நடை ஒன்று செய்து தருகிறேன் என்று கெஞ்சினாள். வயதாகிறது, காயம் படுகிறது, அதெல்லாம் நடையில் தெரிய வேண்டாமா? நிகில் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார். ஹிட்டான எதையும் மாற்றக் கூடாது. பழைய எதையும் அழிக்கக் கூடாது.

பிரசன்னா வேறு மாதிரி. வீட்டில், சொந்த நேரத்தில் ஒரு கேம் செய்திருந்தான். கேன்சல் பண்ணியதாக நிகில் சொன்னது அதைத்தான். 'குழாயடி'. ஹைதராபாத் மாதிரி ஒரு ஊர், கோடைக்காலம், தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு பெண். ரோட்டடியில் போகும் குழாய்களில் காது வைத்துக் கேட்டே எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். வாள் கிடையாது. கோட்டை கிடையாது. விளையாடிப் பார்த்த ரோஸ்லினுக்கு மறுநாள் தெருக்குழாய்ச் சத்தமே வேறு மாதிரி கேட்டது.

இரங்கல் கூட்டத்தில் நிகில் மைக்கைப் பிடித்தார்.

பிரசன்னாவின் கடைசிக் கனவைக் கம்பெனி கைவிடாது என்றார். குரல் தழுதழுத்தது. பின்னாலிருந்த திரை ஒளிர்ந்தது.

செம்பன் ஐந்து!

அதே தண்ணீர் லாரி. அதே கோடை. லாரியின் தலைமேல் வாளைத் தூக்கிக்கொண்டு செம்பன் நின்றான். அந்தப் பெண்ணைக் காணவே காணோம்.

முன்வரிசையில் சௌம்யாவின் மடியிலிருந்த குழந்தை திரையைக் காட்டி, "நான்ன லாரீ..." என்றது தெலுங்கில். அப்பா லாரி.

ரோஸ்லினுக்குள் ஏதோ தீப்பிடித்தது. அவன் சாம்பல்கூட ஆறவில்லை. அதற்குள் அவன் கதையைத் தோலுரித்துச் செம்பனுக்குச் சட்டை தைத்துவிட்டார்கள்!

எழுந்தாள். நேராக உப்பல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

*

"உக்காரும்மா. காய்கு, எதுக்கு இவ்ளோ கோவம்?"

"சார், அவரு தானா குதிக்கல. நீங்க ஃபைலை மூடாதீய."

"மூடல, நக்கோ பரேஷான், கவலைப்படாத." வேதாசலம் கம்ப்யூட்டரைத் திருப்பினார். "ஆபீசுக்குப் பின்னால பைப் ஃபேக்டரி இருக்குல்ல... அவங்க கேமரால இது இருந்துச்சு. நேத்துதான் கைக்கு வந்தது."

மழை. மங்கலான அந்திவெளிச்சம். ஸ்டுடியோவின் இரும்புப் படிக்கட்டு; மாடியும் தரையும் படத்தில் விழவில்லை. ஒரு உருவம் ஏறியது. தலையில் ஹெல்மெட், உடம்பு முழுக்க மழைக்கோட்டு. சற்று நேரம் கழித்து அதே உருவம் இறங்கி வந்தது. தனியாக.

"மூஞ்சி தெரியல. ஹெல்மெட் போட்ட ஆளுங்க இந்த ஊர்ல லட்சக்கணக்குல இருக்காங்க. யாருன்னு தேடறது?"

ரோஸ்லின் நாற்காலியை முன்னால் இழுத்தாள். திரையோடு ஒட்டிக்கொண்டாள்.

முகம் தெரியாதது அவளுக்கு ஒரு குறையே இல்லை. அவள் பிழைப்பே அதுதான்.

ஒரு மனிதனின் நடையைக் கேமுக்குள் கொண்டுவருவது எப்படி என்று தெரியுமா? அதற்கென்று ஒரு ஹால். அங்கே நடக்கும் இந்த வித்தையைத்தான் மோகேப் என்பார்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையை மாட்டி, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று மூட்டு மூட்டாகக் கோலிக்குண்டு அளவில் பளபளக்கும் உருண்டைகளைப் பொருத்துவார்கள். சுற்றிலும் நிற்கும் கேமராக்களுக்கு அந்த உருண்டைகள் மட்டும்தான் தெரியும். ஆள் கறுப்பா சிவப்பா, அழுகிறானா சிரிக்கிறானா, எதுவும் தெரியாது. கடைசியில் திரையில் மிஞ்சுவது நகரும் சில புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குத்தான் செம்பனின் கவசத்தை மாட்டுவார்கள்.

ஆனால் புள்ளிகள் பொய் சொல்லாது. நடை என்பது ஒவ்வொரு அடியிலும் விழப்போய்த் தப்பிப்பது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தப்பிக்கிறோம். ஒருவர் குதிகாலை முதலில் வைப்பார். ஒருவர் பாதம் முழுவதையும் தொப்பென்று போடுவார். மீசையை எடுக்கலாம், முடிக்குச் சாயம் அடிக்கலாம். நடையை நாள் முழுக்க மாற்றி நடக்க யாராலும் முடியாது.

ரோஸ்லின் வீடியோவை மறுபடி ஓட்டினாள். மறுபடியும். அவள் விரல்கள் மேஜையைக் கெட்டியாகப் பிடித்தன.

பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள்.

வேதாசலம் முதலில் புருவத்தைத் தூக்கினார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"ஹவ், சரி. பண்ணலாம். ஆனா அந்த ஆளே வாயத் திறந்து சொல்லணும்."

"சொல்லுவாரு சார். அதுக்கு நானாச்சு."

*

மோகேப் ஹால். பெரிய திரை. நிகில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வேதாசலம், ஓரத்தில் கான்ஸ்டபிள் சுனில். சுனிலின் கையில் வீடியோ கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

திரையின் இடதுபக்கம் செம்பன் நடந்தான். வலதுபக்கம் ஹெல்மெட் உருவம் நடந்தது.

"ரெண்டும் ஒரே நடை சார்," என்றாள் ரோஸ்லின். "செம்பன் எப்படி நடக்கானோ அப்படித்தான் இந்தாளும் நடக்கான்."

"செம்பன் நடை யாரோடது?"

"ஊருக்கே தெரியும். கேம் முடிஞ்சதும் ஓடுத பேர் லிஸ்ட்ல பாருங்க, 'செம்பனின் உடலசைவு: நிகில்'னு இருக்கும். நாலு பாகத்துலயும் இருக்கும். பேட்டிக்குப் பேட்டி சாரே சொல்லியிருக்காவ."

நிகில் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன ரோஸ்லின் இது... விளையாடறியா?"

"நக்கோ சாப், விளையாட்டு உங்க டிபார்ட்மென்ட்." வேதாசலம் ஒரு அடி நெருங்கினார். "செம்பன் நீங்க. படிக்கட்டுல செம்பன். அப்ப படிக்கட்டுல நீங்க. கணக்கு சரிதானே?"

நிகிலின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பெரிய பொய் ஒன்றை விட்டுக்கொடுத்தால் தப்பிக்கலாம். விடாவிட்டால் ஜெயில். அவர் கண்கள் அங்குமிங்கும் அலைந்ததை ரோஸ்லின் மூச்சு விடாமல் பார்த்தாள்.

"ஓகே. சொல்லிடறேன்." நிகில் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "செம்பன் நடை என்னோடது இல்ல. பிரசன்னாவோடது."

"அப்ப உங்க பேரு?"

"மார்க்கெட்டிங் சார். முதலாளியே ஹீரோன்னா பிரஸ்ல எழுதுவாங்க. அன்னிக்கு இந்த ஹால்ல நாங்க ரெண்டு பேரும்தான் நடந்தோம். நான் முதல்ல. விறைப்பா இருக்குன்னு அவனே ரிஜெக்ட் பண்ணிட்டான். அப்புறம் அவன் நடந்தான். அதான் செம்பன்."

"உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் நடக்கலையா?"

"நோ! கம்பெனியிலயே அப்ப நாங்க ரெண்டே பேர்தான். கதை, செம்பன், கோட்டை எல்லாமே அவனோடதுதான். போதுமா?"

"அப்ப பிரசன்னாதான் ஹெல்மெட் போட்டு மேல போனாரா? செத்த ஆளு எப்படி சாப் இறங்கி வந்தாரு?"

நிகில் வெடித்தார்.

"எனக்கு என்ன தெரியும்? இவ சொல்றது தப்பா இருக்கும்! பொம்மை ஆட்டற பொண்ணு பேச்சைக் கேட்டு என்னை..."

"தப்புதான் சார்," என்றாள் ரோஸ்லின். "நான் பொய் சொன்னேன்."

திரையருகே போனாள்.

"நல்லாப் பாருங்க. ரெண்டும் ஒரே நடையே இல்ல. செம்பனுக்குக் குதிகால் முதல்ல விழுது. இடுப்பு அசையுது. இந்தாளுக்கு வலது பாதம் அப்படியே தட்டையா விழுது. இடது கை வீசவே இல்ல. உடம்புக்கு முன்னால கழுத்து போகுது. செம்பன் நடைய மாத்தச் சொல்லி எத்தனை தடவ உங்ககிட்ட கெஞ்சினேன்? அதுல ஒவ்வொரு அடியும் எனக்கு மனப்பாடம். இது அது இல்ல. ஆனா இதையும் நான் பாத்திருக்கேன்."

ஒரு பட்டனைத் தட்டினாள். திரையின் நடுவே புள்ளிகளாலான ஒரு உருவம் எழுந்து நடந்தது.

தட்டையாக விழும் வலது பாதம். வீசாத இடது கை. முந்திப் போகும் கழுத்து.

அதை நகர்த்தி ஹெல்மெட் உருவத்தின் மேல் வைத்தாள். புள்ளிகள் ஒவ்வொரு மூட்டிலும் போய் உட்கார்ந்தன.

"முதல் நாள் ரிஜெக்ட் ஆன டேக். பழைய எதையும் அழிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவிய? அழிக்கல. மூணாம் பாகத்துல பிணங்க எந்திரிச்சு நடக்குமே... அதுக்கு இதைத்தான் எடுத்தோம். இத்தனை நாள் இது யார் நடைன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. அன்னைக்கு நடந்தது ரெண்டே பேரு. செம்பன் பிரசன்னா அண்ணன்னா..." ரோஸ்லினின் குரல் உடைந்தது. "இது யாரு சார்?"

நிகில் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார்.  

"இது... இது கோர்ட்ல நிக்காது."

"ஹவ், நிக்காது," என்று ஒப்புக்கொண்டார் வேதாசலம். "அதுக்குத்தான் உங்க கார் டிக்கியையும் பார்க்கச் சொன்னேன். என் ஆளுங்க கீழதான் இருக்காங்க."

அவர் போன் ஒலித்தது. கேட்டார். வைத்தார்.

"மழைக்கோட்டு இருக்காம். கைப்பக்கம் மினுங்கற பட்டி ஒரு துண்டு பிஞ்சிருக்காம். மோகேப் டேப்னீங்களே சாப்... உங்க சூட்ல உருண்டைதான் இருக்கும், டேப்பே கிடையாதுன்னு இந்தம்மா சொல்லுது. போனை மட்டும் வீட்ல விட்டுட்டு வந்தீங்களே, மழைக்கோட்டைத் தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"இவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது சார்," என்றாள் ரோஸ்லின். "எல்லாத்தையும் மறுபடி மறுபடி யூஸ் பண்ணுவாவ."

நிகில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குழாயடியை எடுத்துட்டு வெளிய போறேன்னான். நான் அதை அஞ்சாம் பாகம்னு பணம் போடறவங்களுக்கெல்லாம் காட்டி முடிச்சிட்டேன். கெஞ்சினேன். கேக்கல. எங்கிட்ட வேற கதை இல்ல... எப்பவுமே இருந்ததில்ல."

"அதுக்கு?" ரோஸ்லின் கத்தினாள். "அதுக்கு ஒரு ஆளைத் தள்ளிவிடுவியளா?"

 அவள் போனை எடுத்துச் சௌம்யாவின் நம்பரை அழுத்தினாள்.

"அக்கா... அண்ணன் தானா போகல. உங்கள விட்டுட்டுப் போகவே இல்ல. குழாயடியும் உங்களுக்குத்தான்."

மறுமுனையில் அதுவரை வராத அழுகை வந்தது. ரோஸ்லின் அது முடியும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

விலங்கு மாட்டி நிகிலை நடத்திக் கூட்டிப்போனார்கள். வலது பாதம் தட்டையாக விழுந்தது. கழுத்து முந்தியது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நடையை வச்சு என்னை முடிச்சிட்டே இல்ல?"

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் தடவையா நீங்களே சொந்தமா பண்ணுன ஒண்ணு வெளிய வந்திருக்கு சார். தயவுசெஞ்சு இதுக்கு ரெண்டாம் பாகம் எடுத்துராதீய!"