கீழ் ஓவன்

கரண்ட் போய் வெகுநேரமாகியும் கீழ் ஓவன் முனகுவதை நிறுத்தவில்லை.

லோம்பே கழுவிக்கொண்டிருந்த கோழியின் வயிற்றுக்குள் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். பின்தாழ்வாரத்தில் கரி அடுப்புகளைச் சுற்றி அத்தைமார் பாடிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் நவம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்தது. அவற்றுக்கெல்லாம் அடியில், சுவருக்குள் அடைபட்ட குளவியைப்போல, மெல்லிய, இடைவிடாத ஒரு ரீங்காரம். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே சுரங்க நகரமான கிட்வேயின் அந்தப் பகுதி முழுவதும் விளக்கில்லாமல் கிடந்தது.

இன்று அவள் தங்கை கசுபாவின் மாப்பிள்ளைக்கு நெருப்பு காட்டும் நாள். பெண் வீட்டார் சமைத்துத் தலையில் சுமந்துபோய் வைக்கும் இந்தச் சாப்பாட்டை உண்ட பிறகுதான் மாப்பிள்ளை இவர்கள் வீட்டில் கை நனைக்கலாம். கோழியைத் துண்டு போடாமல் முழுதாக வைக்க வேண்டும். வங்கியில் வேலை பார்க்கும் கசுபா, தன் சொந்த வீட்டில், தன் புதுச் சமையலறையில் அதைச் சமைக்கப்போகிறாள். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓவன்கள். மேடையில் கண்ணாடி அடுப்பு.

அதற்கெல்லாம் வயரிங் செய்தது லோம்பேயின் கணவன் சன்சாதான். மீட்டர் பலகையிலிருந்து தடித்த கேபிள், ஓவனுக்கு ஒன்றாகத் தனித்தனி பிரேக்கர், அடுப்புக்கு வேறு. குழந்தையைத் தூங்கவைப்பதுபோல அவன் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். லோம்பேயின் வீட்டிலோ இரட்டைத் தட்டு மின்னடுப்பின் ஒரு தட்டு போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. கேட்டால் நாளைக்கு என்பான்.

காலையில் சுரங்கத்து வேலைக்குக் கிளம்பும்போது அவன் சொல்லியிருந்தான். "கீழ் ஓவனுக்கு இன்னும் எர்த் குடுக்கல. எங்கயோ ஒயர் நசுங்கி தகட்டுல கரண்ட் கசியுது, டெஸ்டர் வச்சுப் பாத்தேன். சுவிட்சை அணைச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நான் வர்ற வரைக்கும் தொட வேண்டாம்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு. கல்யாண வீடு, போன்ல சொன்னா காத்துல போயிடும். நீ நேர்ல சொல்லு."

சொல்லத்தான் வந்தாள். தாகத்துக்கு ஒரு குவளைத் தண்ணீர் நீட்டுவதைவிடச் சிறிய உதவி அது. அப்படிப்பட்ட சின்ன உதவிகளில்தான் ஆண்டவர் குடியிருக்கிறார் என்று தேவாலயத்தில் மற்றப் பெண்களுக்கு எடுத்துச் சொல்பவள் அவள்.

வாசலில் நுழைந்ததும் கசுபா கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மாமா கையில என்னமோ இருக்கு. பேசாம அவரை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்க."

பெரிய அத்தை லோம்பேயை அவள் பிள்ளையின் பெயரால் அழைத்துத் தாழ்வாரத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "முத்தாலே அம்மா, நல்லாப் பாத்து வச்சுக்கோ. உன் கல்யாணத்துக்கு நெருப்பு காட்டினப்போ எனக்குப் புகையில கண்ணே தெரியல. கோழி ஒரு பக்கம் கருகிப்போச்சு, மறுபக்கம் இன்னும் கொக்கரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கசுபா எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். சொல்லவந்த சொல்லை லோம்பே விழுங்கினாள். அது தொண்டையில் இறங்கியபோதுதான் முதன்முதலாக அந்த முனகல் கேட்டது.

இப்போது கசுபா மெழுகுவத்தியோடு சமையலறைக்குள் வந்தாள். மூத்தவர்கள் சொன்னபடி மணப்பெண் வெறுங்காலோடு இருந்தாள். கோழி கழுவிய தண்ணீர் தரையெல்லாம் சிந்தியிருந்தது. அவள் அதை மிதித்துக்கொண்டு போய்ச் சுவரிலிருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். கீழ் ஓவனுடையதையும்.

"கரண்ட் வந்ததும் தானா சூடேறட்டும்" என்றாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

கரண்ட் இல்லையே, வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று லோம்பே நினைத்தாள். அந்த நினைப்பு இதமாக இருந்தது. அது இதமாக இருந்தது அவளைப் பயமுறுத்தியது.

முனகல் தடித்தது. சூடான தூசியின் வாசனை. அதற்குள் முடி பொசுங்கும் வாசனை. குனிந்து பார்த்தாள். ஓவன் கதவின் கறுப்புக் கண்ணாடியில் மெழுகுவத்திச் சுடர் ஆடியது. அதன் பக்கத்தில் அவள் முகம். கண்கள் இருந்தன. மூக்கு இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மழமழவென்று தோல்.

கையால் தொட்டுப் பார்த்தாள். உதடுகள் இருந்தன. இறுகி மூடியிருந்தன.

"கோழியக் குடுங்க அக்கா." கசுபா ஈரத்தில் மண்டியிட்டாள். மேல் ஓவனை விட்டுவிட்டுக் கீழ் ஓவனுக்கு நேராக.

சொல்.

கோழித் தட்டு கை மாறியது.

சொல்லிவிடு.

கசுபாவின் விரல்கள் கதவின் எஃகுக் கைப்பிடியைச் சுற்றி மடங்கின. அதே நொடியில் தெருக்கோடியிலிருந்து பிள்ளைகளின் ஆரவாரம் எழுந்தது. வீடு வீடாக விளக்கு எரிந்துகொண்டே வந்தது.

தட்டு விழுந்தது.

"கசுபா" என்று அலறிக்கொண்டே லோம்பே சுவரை நோக்கிப் பாய்ந்தாள். பொறாமை அந்தக் கணம் எங்கோ போயிருந்தது. தங்கை மட்டும் இருந்தாள். சுவிட்சில் கை வைத்தாள்.

சற்றுமுன் கசுபா போட்ட சுவிட்ச் அணைந்திருந்தது.

போட்டாள். அணைத்தாள். மீட்டர் பலகைக்கு ஓடி எல்லா பிரேக்கரையும் தள்ளினாள். வீடு இருண்டது. தாழ்வாரத்தில் பாட்டு நின்றது.

திரும்பி வந்தாள்.

கீழ் ஓவனுக்குள் மட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கசுபா மண்டியிட்டபடியே இருந்தாள். கைப்பிடியை விடவில்லை. முதுகு வில்லாக வளைந்திருந்தது. விரல்களிலிருந்து மெல்லிய புகை. மெதுவாக, மிக மெதுவாக, தலை அக்காவின் பக்கம் திரும்பியது. கண்கள் திறந்திருந்தன. அசையாத உதடுகளுக்குள்ளிருந்து அன்பான, பொறுமையான குரல் வந்தது.

"சொல்லுங்க அக்கா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."